வீட்டில் இரண்டாவது ரூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளுக்கு நெட்வொர்க் ஒயரிங் செய்து கொடுப்பது என் வேலை. கேமரா மாட்டப் போனாலும், கேபிள் இழுக்கப் போனாலும், கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் மாடி வைஃபையைப் பற்றிக் கேட்பார். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். "மோடம்" என்று நான் சொல்வது இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியை; ரூட்டரும் வைஃபையும் அதற்குள்ளேயே இருக்கும், அதனால்தான் வாங்கி வைப்பது இரண்டாவது ரூட்டர். எண்களுக்கு உதாரணமாக அதன் முகவரி (அமைப்புப் பக்கத்தைத் திறக்க பிரவுசரில் அடிக்கும் எண்) 192.168.1.1 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பெட்டியில் வேறாக இருக்கலாம், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள்.

1. மாடியில சிக்னலே வரல. இன்னொரு ரூட்டர் வாங்கி வச்சா சரியாயிடுமா?

பெரும்பாலும் சரியாகும். ஆனால் கடைக்குப் போகும் முன், மோடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபைபர் ஒயர் எந்த மூலையில் வீட்டுக்குள் நுழைகிறதோ அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில், நிலைக்கண்ணாடிக்கு எதிரில் என்று வைஃபைக்கு ஆகாத இடமாகவே அது அமைந்துவிடும். அதை மாடிப்படிக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேலே மாற்றினாலே போதும் என்கிற வீடுகள் நிறைய உண்டு.

கம்பி கட்டிய கான்கிரீட் தளம் நடுவில் இருந்தால் கதை வேறு. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் தேய்ந்தாவது மேலே வரும், 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு தளத்தைத் தாண்டுவதற்குள்ளேயே தளர்ந்துவிடும். இரண்டு தளம் தாண்ட வேண்டும் என்றால் இன்னொரு பெட்டி வேண்டியதுதான்.

2. ரெண்டு ரூட்டர் வச்சா ஸ்பீடும் ரெண்டு மடங்கா வருமா?

வராது. நீங்கள் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினால் வீடு முழுவதற்கும் சேர்த்து அந்த 100-தான். சிக்னல் இல்லாத அறையில் 3 எம்பிபிஎஸ் வந்துகொண்டிருந்தது 80 ஆகலாம். அதைத்தான் "ஸ்பீடு கூடிடுச்சு" என்கிறார்கள்.

3. பழைய ரூட்டர் ஒண்ணு பரண்ல சும்மா கிடக்கு. அதையே மாடிக்கு வைக்கலாமா?

வைக்கலாம், ஓடும். இரண்டு விஷயம் பாருங்கள். பழைய, விலை குறைந்த ரூட்டர்களின் லேன் போர்ட்டுகள் (வீட்டுக் கருவிகளைக் கேபிளில் சொருகும் துளைகள்) 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும், கையில் கிடைப்பது 94 அளவு. உங்கள் திட்டம் 300 என்றால் மாடியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்ப்பீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாத மாடல் என்றால் அதுவும் கிடைக்காது.

இன்னொன்று பாதுகாப்பு. வைஃபை பாதுகாப்பில் டபிள்யூஇபி என்ற பழைய முறை மட்டும்தான் இருக்கிறது, அதைவிடப் பலமான டபிள்யூபிஏ2 இல்லை என்றால் அதைப் பழைய இரும்புக் கடைக்கே போட்டுவிடுங்கள். இருந்தால், ஒருமுறை ரீசெட் செய்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனை அழுத்தி இணைக்கும்) வசதியை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

4. கேபிள் இழுக்கிறதுன்னா சுவரை உடைக்கணும். ஒயர் இல்லாம முடியாதா?

முடியும். ரிப்பீட்டர், எக்ஸ்டெண்டர் என்று விற்பதெல்லாம் அதற்குத்தான். அது கீழிருந்து வாங்கும் சிக்னலை, பெரும்பாலும் அதே அலைவரிசையில், மேலே திருப்பிக் கொடுக்கிறது. வாங்கும்போது கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. அதனால் வேகம் பாதியாகிவிடும். வாட்ஸப், யூடியூப் பார்க்க அது போதும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு, வீடியோ மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டு வரும்.

ரிப்பீட்டர் வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைச் சிக்னலே இல்லாத அறையில் வைக்கிறார்கள். அதற்கே சிக்னல் கிடைக்காத இடத்தில் அது எதைத் திருப்பிக் கொடுக்கும்? படிக்கட்டு நடுவில், மோடத்தின் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும்.

சுவரை உடைக்க வேண்டும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. வெளிச்சுவரில் பிவிசி பைப்புக்குள் விட்டு ஜன்னல் ஓரம் ஒரு துளை போட்டால் அரை நாள் வேலை. என்னைக் கேட்டால் விலை கூடிய ரிப்பீட்டரைவிட ஒரு கேபிளும் ஒரு சாதாரண ரூட்டரும் மேல்.

5. கடையில விதவிதமா கேபிள் காட்டுறாங்க. எது வாங்கணும்?

கேட் 6 வாங்குங்கள். கேட் 5இ கூட 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும், வீட்டுக்கு அதுவே தாராளம். முக்கியம், கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது "சிசிஏ" என்று விலை குறைவாகக் கிடைக்கிறது. அது வளைத்தால் ஒடியும், நீண்ட தூரத்துக்கு நம்ப முடியாது. சுவருக்குள் போகப் போகிற பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி இருக்கும். எட்டையும் ஆர்ஜே 45 என்ற பிளாஸ்டிக் முனையில் சேர்த்துக் கிரிம்ப் செய்ய (அழுத்திக் கடிக்க வைக்க) வேண்டும். அவசரத்தில் நான்கை மட்டும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், எட்டில் ஒன்று சரியாகக் கடிக்காமல் போவதும் உண்டு. இணைப்பு வேலை செய்யும், ஆனால் 100 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டாது. "புது ரூட்டர், புது கேபிள், ஆனா ஸ்பீடு 94-லயே நிக்குது" என்றால் முதலில் அந்த முனைகளைப் பாருங்கள்.

6. கேபிளை ரெண்டாவது ரூட்டர்ல எந்த போர்ட்ல சொருகணும்? லேனா, வேனா?

இந்தப் பக்கத்திலேயே இதுதான் முக்கியமான கேள்வி. எல்லா அறையும் ஒரே நெட்வொர்க்காக இருக்க வேண்டும் என்றால், மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து ரூட்டரின் லேன் போர்ட்டுக்கு. வெளியிலிருந்து இணையத்தை வாங்குவதற்கென்று தனி நிறத்தில் ஒதுங்கியிருக்கும் வேன் போர்ட் காலியாக இருக்கட்டும். வீட்டில் வேறு யாரும் மாற்றிச் சொருகாமல் இருக்க அதன் மேல் டேப் ஒட்டிவிடுவது என் வழக்கம்.

ஆனால் சொருகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு ரூட்டருக்குள்ளும் டிஎச்சிபி என்று ஒன்று ஓடுகிறது. வந்து சேரும் போன், டிவி எல்லாவற்றுக்கும் ஐபி எண் (நெட்வொர்க்கில் அந்தக் கருவியின் முகவரி) கொடுப்பது அதுதான். ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இரண்டு டிஎச்சிபி ஓடினாலும் ஆகும். வீட்டில் எத்தனை பெட்டி இருந்தாலும் எண் கொடுப்பது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அது மோடமாகவே இருக்கட்டும்.

செய்யும் முறை இது. இரண்டாவது ரூட்டரை மோடத்தோடு சேர்க்காமல், லேப்டாப்போடு மட்டும் கேபிளில் இணையுங்கள். அதன் பக்கத்தைத் திறந்து (டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா மாடல்கள் பலவற்றில் 192.168.0.1) வைஃபை பெயர், பாஸ்வேர்டு வையுங்கள். அப்புறம் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். ரூட்டர் மறுபடி எழுந்ததும் அந்தப் புது முகவரியில் உள்ளே போய் டிஎச்சிபியை அணையுங்கள். ஐபிவி6 (புதுத் தலைமுறை ஐபி எண்) பகுதியிலும் முகவரி கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசியாகத்தான் கேபிள். மோடம் பக்கத்தில், அது கொடுக்கும் எண்கள் 192.168.1.100-இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டால், 1.2 என்ற எண் வேறு யாருக்கும் போகாது.

7. என் ரூட்டர்ல "ஆக்சஸ் பாயின்ட் மோடு"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கே, அது எதுக்கு?

மேலே சொன்ன வேலை முழுவதையும் ஒரே அழுத்தில் செய்வதற்கு. அதை இயக்கினால் டிஎச்சிபி தானே அணைந்துவிடும், வேன் போர்ட்டும் லேன் போர்ட் போலவே ஆகிவிடும், எதில் வேண்டுமானாலும் சொருகலாம். இந்த வசதி இருந்தால் 6-ஆம் பதிலின் கடைசிப் பத்தியை மறந்துவிடுங்கள்.

8. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். இப்ப நெட் வருது, ஆனா ரெண்டாவது ரூட்டரோட பக்கமே திறக்கல.

பழைய 192.168.0.1 முகவரியையே அடித்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது அது 192.168.1.2. ஆக்சஸ் பாயின்ட் மோடு போட்டிருந்தால் மோடமே அதற்கு ஓர் எண் கொடுத்திருக்கும். மோடத்தின் பக்கத்தில், இணைந்திருக்கும் கருவிகள் பட்டியலில் தேடினால் கிடைக்கும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால், லேப்டாப்பை அந்த ரூட்டரோடு மட்டும் இணைத்து, லேப்டாப்புக்கு ஐபி எண் 192.168.1.50 என்றும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் கையால் கொடுத்துவிட்டு 192.168.1.2-ஐத் திறந்து பாருங்கள். எதற்கும் மசியாவிட்டால் பின்னால் உள்ள ரீசெட் பட்டனைக் குச்சியால் பத்து விநாடி அழுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அழுத்தும் முன் மோடத்திலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். காரணம் 15-ஆம் பதிலில்.

9. மேலயும் கீழயும் வைஃபை பேரு ஒண்ணா இருக்கணுமா, வேற வேறயா?

ஒன்றாக வையுங்கள். பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். மோடத்தில் டபிள்யூபிஏ2, மாடியில் டபிள்யூபிஏ3 என்று வைத்தால் சில போன்கள் மாறாமல் அடம் பிடிக்கும்.

எந்தப் பெட்டியில் கோளாறு என்று கண்டுபிடிக்கும் முதல் இரண்டு நாளுக்கு மட்டும் வேறு வேறு பெயர் வைப்பது வசதி. அப்புறம் ஒன்றாக்கிவிடலாம்.

10. ஒரே பேருதான் வச்சேன். ஆனா மாடிக்குப் போனாலும் போன் கீழ இருக்கற ரூட்டரையே பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது.

எப்போது மாறுவது என்பதை ரூட்டர் முடிவு செய்வதில்லை, போன் முடிவு செய்கிறது. உதாரணமாக ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) அளவுக்குக் கீழே இறங்கினால்தான் வேறு இடம் தேடத் தொடங்கும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. கீழ் ரூட்டரின் சிக்னல் மாடியில் அரைகுறையாக வந்துகொண்டிருக்கும் வரை போன் அதை விடாது.

அதனால் கீழ் ரூட்டரின் ஒலிபரப்புத் திறனைக் குறையுங்கள். அமைப்புகளில் "டிரான்ஸ்மிட் பவர்" என்று இருக்கும், ஹையிலிருந்து மீடியத்துக்கு இறக்குங்கள். கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், சிக்னல் வரவில்லை என்று கூப்பிட்டால் சிக்னலைக் குறைக்கச் சொல்கிறானே என்று. ஆனால் அதுதான் மருந்து. இரண்டாவது ரூட்டரை படிக்கட்டுத் தலைப்பில் வைக்காமல் மாடியில் உள்ளே தள்ளி வைப்பதும் உதவும்.

11. சேனல் எல்லாம் மாத்தணுமா?

2.4 கிகாஹெர்ட்ஸில் மாற்றுங்கள். சேனல் என்பது அந்த அலைவரிசைக்குள் ஒரு பாதை. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்றை 36-இலும் மற்றதை 149-இலும் வைத்தால் சண்டை இல்லை.

12. மெஷ் வாங்கிட்டா எந்தத் தொல்லையும் இல்லைன்னு கடைக்காரர் சொல்றாரே?

தொல்லை குறையும், தீராது. மெஷ் என்பது ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து வேலை செய்யும் பல வைஃபை பெட்டிகள். மெஷ் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, "அந்தப் பக்கம் சிக்னல் நல்லா இருக்கு, அங்க போ" என்று போனுக்குச் சொல்லும். 10-ஆம் கேள்வியின் தொல்லைக்கு அது நல்ல பதில். ஆனால் ஒயர் இல்லாமல் வைத்தால் 4-ஆம் பதிலில் சொன்ன வேகக் குறைவு இங்கும் உண்டு. தங்களுக்குள் பேசுவதற்கென்று தனி ரேடியோ உள்ள மூன்று பேண்ட் மாடல்களில் அது குறைவு, விலையோ அதிகம். கேபிள் இருந்தால் மெஷ் பெட்டிகளையும் கேபிளில் இணையுங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் மெஷ் தானே ரூட்டராக ஓடத் தொடங்கும். மோடமும் ரூட்டர், மெஷ்ஷும் ரூட்டர் என்றால் அடுத்த கேள்வியின் சிக்கல் வரும். அதன் செயலியில் ஆக்சஸ் பாயின்ட் மோடு அல்லது பிரிட்ஜ் மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

13. நான் வேன் போர்ட்லதான் சொருகியிருக்கேன். நல்லாத்தானே ஓடுது? அதுல என்ன தப்பு?

ஓடும். இணையம் பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் இப்போது உங்கள் வீட்டில் இரண்டு நெட்வொர்க்குகள், ஒன்றுக்குள் ஒன்று. முகவரி மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கிறது, இதற்குப் பெயர் டபுள் நேட். கீழே இருக்கும் போனிலிருந்து மாடி பிரிண்டருக்கு அச்சு போகாது. போனில் இருப்பதை டிவிக்கு அனுப்பப் பார்த்தால் டிவி பட்டியலிலேயே வராது. பிளேஸ்டேஷன் வைத்திருக்கும் பிள்ளைகள் "நேட் டைப் ஸ்ட்ரிக்ட்" என்று புகார் சொல்வார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. இரண்டாவது ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் டபுள் நேட்தான். இரண்டு பெட்டிக்கும் லேன் முகவரி 192.168.1.1 என்று ஒன்றாகவே இருந்துவிட்டால் இதுவும் ஓடாது, எது வெளி எது உள் என்று ரூட்டருக்கே தெரியாமல் நெட் நின்றுவிடும்.

14. மாடியை வாடகைக்கு விட்டிருக்கேன். அவங்களுக்கும் நெட் கொடுக்கணும், ஆனா எங்க கேமரா, கம்ப்யூட்டர் அவங்களுக்குத் தெரியக் கூடாது.

13-இல் குறையாகச் சொன்ன பிரிவினை இங்கே தேவைப்படுகிறது. ஆனால் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். குடித்தனக்காரருக்கு ஒரு ரூட்டர் கொடுத்து, அதன் வேன் போர்ட்டை நம் மோடத்தில் சொருகிவிட்டு, பிரித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு வெளி நெட்வொர்க் தெரியும், வெளியே இருப்பவருக்குத்தான் உள்ளே தெரியாது. அதாவது அவர் 192.168.1 வரிசையில் இருக்கும் உங்கள் கேமராவைத் தட்டிப் பார்க்க முடியும், நீங்கள்தான் அவருடையதைப் பார்க்க முடியாது.

ஆகவே உங்கள் கருவிகளை இரண்டாவது ரூட்டருக்கு உள்ளே வையுங்கள், குடித்தனக்காரரை மோடத்தில் விடுங்கள். இரண்டு பக்கமும் மறைவு வேண்டும் என்றால் மோடத்தில் இரண்டு ரூட்டர்கள், இரண்டும் வேன் போர்ட்டில், ஆளுக்கு ஒன்று. மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள், மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். கெஸ்ட் வைஃபை போதாதா என்றால், மோடத்தின் கெஸ்ட் போதும். ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிய ரூட்டரில் கெஸ்ட் என்று போட்டிருந்தாலும் பல மாடல்களில் உள்ளே எல்லாம் தெரியும்.

அப்புறம் ஒரு சங்கதி. இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. அதில் யார் என்ன செய்தாலும் முதலில் கேள்வி உங்களிடம்தான் வரும். முடிந்தால் அவர்களைத் தனி இணைப்பு எடுக்கச் சொல்வதே நல்லது.

15. மாசக்கணக்கா நல்லா ஓடிச்சு. நேத்துலேர்ந்து வீடு முழுக்க நெட் விட்டுவிட்டு வருது. யாரும் எதையும் தொடலை.

"யாரும் தொடலை" என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை. இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, யாரோ இரண்டாவது ரூட்டரை ரீசெட் செய்திருப்பார்கள். அணைத்து வைத்த டிஎச்சிபி மறுபடி உயிர்பெற்று, பாதிக் கருவிகளுக்கு 192.168.0 வரிசையில் எண் கொடுக்கத் தொடங்கிவிடும். நெட் வராத போனின் ஐபி எண்ணைப் பாருங்கள், வேறு வரிசையில் இருந்தால் குற்றவாளி அதுதான்.

இரண்டு, சும்மா தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் முனையை, வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாராவது காலியாக இருந்த போர்ட்டில் சொருகியிருப்பார்கள். ஒரே இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு கேபிள் ஆகிவிட்டால், அனுப்பிய செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி, சில விநாடிகளில் மொத்த நெட்வொர்க்கையும் அடைத்துவிடும். போர்ட் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்ததுபோல் ஒன்றாக மின்னும். கூடுதல் கேபிளைப் பிடுங்கியவுடன் சரியாகும்.

16. கரண்ட் போனா கீழ நெட் இருக்கு, மாடியில போயிடுது. ஏன்?

மோடம் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், மாடி ரூட்டர் இருக்கும் பிளக் அதில் இருக்காது. ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். அடாப்டரில் எழுதியிருப்பது 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்க வேண்டும். நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு கேபிளைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி) வைத்திருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

17. கம்பெனி கொடுத்த மோடத்தைத் தூக்கிட்டு, நான் வாங்கின நல்ல ரூட்டரை மட்டும் வச்சுக்கலாமா?

பொதுவாக முடியாது. ஃபைபர் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அந்தப் பெட்டிதான், அதன் அடையாள எண் நிறுவனத்தின் பதிவில் இருக்கும். பிரிட்ஜ் மோடு போட்டுத் தரச் சொல்லலாம். அப்போது மோடம் வெறும் ஒளி மாற்றியாக இருக்கும், ரூட்டர் வேலை முழுவதும் உங்களுடையது பார்க்கும். பிபிபிஓஇ முறை (ரூட்டரே லாகின் செய்து இணையும் முறை) என்றால் யூசர்நேம், பாஸ்வேர்டு, இணையத்துக்கென்று நிறுவனம் ஒதுக்கிய விலான் எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மோடத்தில் லேண்ட்லைன் போனும் சொருகியிருந்தால், பிரிட்ஜ் போட்ட பிறகு அது பேசுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

18. ரெண்டு கம்பெனி இணைப்பு வச்சிருக்கேன். ரெண்டு மோடத்தையும் ஒரு கேபிள்ல சேர்த்துட்டா?

சேர்க்காதீர்கள், 6-ஆம் பதிலின் இரண்டு டோக்கன் கதை அப்படியே நடக்கும். இரண்டு வேன் போர்ட் உள்ள ரூட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு மோடத்தையும் அதில் தனித்தனியாகச் சொருகுங்கள். ஒன்று நின்றால் மற்றொன்றுக்கு மாறும்படி வைப்பதே என் சிபாரிசு. இரண்டையும் ஒரே நேரத்தில் பகிர்ந்தால், நடுவில் முகவரி மாறுவதைக் கண்டு சில வங்கித் தளங்கள் வெளியே தள்ளிவிடும். ஒரு கோப்பு இறங்கும் வேகமும் பொதுவாக ஓர் இணைப்பின் அளவுதான்.

19. தோட்டத்துல இருக்கற கொட்டகைக்கு நெட் கொண்டு போகணும். கேபிள் இழுத்துடவா?

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திறந்தவெளியில் செம்புக் கேபிள் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் போதும், இரண்டு முனையிலும் இருக்கும் ரூட்டர், கேமரா பெட்டி எல்லாம் சேர்ந்து போய்விடும். அதற்குப் பதிலாக ஃபைபர் கேபிளும், இரண்டு முனையிலும் ஒளியையும் மின் சமிக்ஞையையும் மாற்றிக் கொடுக்கும் மீடியா கன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. எஃகுக் கம்பியோ கவசமோ சேர்ந்த ஃபைபரும் விற்கிறார்கள், உலோகமே இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். செம்புக்கு 100 மீட்டர்தான் எல்லை, ஃபைபருக்கு அந்தக் கவலையும் இல்லை. கொட்டகைக்குள் வைக்கும் ரூட்டருக்கு 6-ஆம் பதில் அப்படியே பொருந்தும்.

20. எல்லாம் சரியா செஞ்சு போர்ட் ஃபார்வர்டும் போட்டுட்டேன். வெளியூர்லேர்ந்து கேமரா பார்க்க முடியல.

போர்ட் ஃபார்வர்டு என்றால் வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் ரூட்டர் அமைப்பு. டபுள் நேட் இல்லை என்று 13-இல் சொன்னபடி உறுதி செய்துகொண்டீர்களா? அப்படியென்றால் மோடத்தின் வேன் ஐபியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், நிறுவனமே பல வீடுகளை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. "என் ஐபி என்ன" என்று தேடினால் வரும் எண்ணும் மோடத்தில் இருக்கும் எண்ணும் வேறாக இருந்தாலும் அதே பொருள்தான். நிறுவனத்தின் பெட்டிக்குள் நீங்கள் போர்ட் திறக்க முடியாது. உங்கள் வீட்டுப் பெட்டியில் எத்தனை முறை ஃபார்வர்டு போட்டாலும் பயனில்லை.

மாதம் கூடுதல் பணம் கட்டி நிலையான பொது ஐபி வாங்கலாம். கேமரா நிறுவனத்தின் சொந்தச் செயலி மூலம் பார்க்கலாம். அந்தச் செயலி மேல் நம்பிக்கை இல்லாதவர்கள், வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரிலும் போனிலும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னை (இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதை போடும் செயலியை) போட்டு, கேமராவின் வீட்டு முகவரிக்கு அந்தக் கம்ப்யூட்டர் வழியாகப் பாதை கொடுத்துவிட்டால் போதும், போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஃபார்வர்டு போட்டு வைத்த வரியை மட்டும் நினைவாக அழித்துவிடுங்கள்.